பத்து நாள் ஊழியமும் ஒரு கண்ணும்

கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருஷமாக லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த மனிதரை வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்பி வைத்தது ஆண்டவர் என்று சபையில் எல்லோரும் சொன்னார்கள். அனுப்பி வைத்தது அவருடைய மனைவி. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் வெளிநாட்டுக் கண்ணாடி முகாமுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் கண்ணாடி வேலைதான் செய்றார்" என்று அவள் பெருமையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அவர் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவருக்கு அழைப்பு உறுதியாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் 'லென்ஸ் பிரதர்'.

பயணத்தை நடத்தியவர் சபையின் வெளிநாட்டு ஊழிய ஒருங்கிணைப்பாளர். அவருக்கு எதைப் பார்த்தாலும் 'பாரம்' வந்துவிடும்; மனசு கனத்து, உடனே ஓர் ஊழியம் செய்தாக வேண்டும் என்று தோன்றிவிடும். உலக வரைபடத்தைப் பார்த்தால் பாரம். பள்ளிக்கூடப் பையோடு ஒரு குழந்தை தெருவைக் கடந்தால் பாரம். விமானப் பயணச்சீட்டு கைக்கு வந்துவிட்டாலோ பாரம் தாங்காமல் தொண்டை அடைத்துக்கொள்ளும். சபை இளைஞர்கள் அவருக்கு 'பாரம் ஐயா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

போகிற பதினாலு பேருக்கும் ஆறு சனிக்கிழமை பயிற்சி நடந்தது. முதல் வாரம், குழந்தையின் உயரத்துக்கு மண்டியிடுவது. மண்டியிட்டால் பதினைந்து எண்ணும்வரை எழுந்திருக்கக் கூடாது. படம் எடுக்க அவ்வளவு நேரம் வேண்டும். இரண்டாம் வாரம், கண் கலங்குவது. கலங்கலாம், ஆனால் மூக்கைச் சிந்தக் கூடாது. மூன்றாம் வாரம், ஏழைகளின் வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது. லென்ஸ் பிரதர் இதில் மட்டும் இரண்டு முறை தேறவில்லை. அவருடைய சொந்த வீடே ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும்தான்; அங்கே நுழையும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறாரோ அப்படித்தான் வைத்துக்காட்டினார். "இன்னும் கொஞ்சம் அதிர்ச்சி வேணும், பிரதர்" என்றார் பாரம் ஐயா.

ஐந்தாம் வாரம் பயண அறிக்கையை அச்சடித்துக் கொண்டுவந்து காட்டினார்கள். "பத்து நாள்களில் ஆண்டவர் செய்த அற்புதங்கள்" என்று தலைப்பு. எட்டுப் பக்கம். படங்களுக்கும் எண்களுக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது.

"போறதுக்கு முன்னாடியே எழுதிட்டீங்களே ஐயா?" என்று லென்ஸ் பிரதர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார்.

"விசுவாசம், பிரதர்" என்றார் பாரம் ஐயா.

*

அந்த ஊர் போய் இறங்கியதும் அவர்களைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. தங்கின கட்டடத்தின் கூடத்துக்கு அன்றே வெள்ளையடிக்க வேண்டும் என்பது திட்டம். போன மாதம் வந்த குழு அடித்த வெள்ளை அப்போதுதான் காய்ந்திருந்தது. அதற்கு முந்தின மாதமும் ஒரு குழு அடித்திருந்தது. வருகிற குழுவெல்லாம் பூசிப் பூசிக் கதவு நிலை தடித்துப்போய், கதவு சாத்த முடியாமல் நின்றது. ஒவ்வொரு குழுவும் ஊர் திரும்பிய மறுநாள் ஒரு தச்சர் வந்து கதவை இழைத்துவிட்டுப் போவாராம்.

இதையெல்லாம் சொன்னது மொழிபெயர்ப்பாளர் அம்மா. அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடுமுறையில் வருகிற குழுக்களுக்கு மொழிபெயர்ப்பார். இந்த விடுமுறையில் இவர்கள் மூன்றாவது குழு.

"உங்க சிங்கக் கெபி நாடகம் இருக்கே, குகையில தள்ளின பக்தனைத் தின்னாம ஆண்டவர் சிங்கத்தோட வாயைக் கட்டுவாரே, அது பிள்ளைங்களுக்கு மனப்பாடம்" என்றார். "சிங்கத்துக்கு வசனம் மறந்துபோச்சுன்னா அவங்களே எடுத்துக் குடுப்பாங்க. கவலப்படாதீங்க."

லென்ஸ் பிரதருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சிங்கம் அவர்தான். சிங்க உடுப்பு மற்ற யாருக்கும் பொருந்தவில்லை.

திங்கட்கிழமை கண்ணாடி முகாம். சபையார் கொடுத்த நானூற்றுப் பன்னிரண்டு பழைய கண்ணாடிகளை, கடையில் வேலை முடிந்த பிறகு ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்துப் பார்த்து, பவர் எழுதிச் சீட்டுக் கட்டி, வரிசைப்படி பெட்டியில் அடுக்கியிருந்தார் அவர். காலையில் மேசையில் ஒரு சீட்டைக்கூடக் காணவில்லை. படம் எடுக்கும் சிஸ்டர் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கண்ணாடிகளை ஃப்ரேமின் நிறப்படி அடுக்கி வைத்திருந்தாள்.

"சிவப்பு முன்னாடி இருந்தாத்தான் பிரதர், மேசை எடுப்பா இருக்கு."

"பவர்?"

"அதான் எல்லாமே கண்ணாடிதானே!"

வாசலில் இருநூறு பேர் நின்றார்கள். பாரம் ஐயா அவர்களிடம் பதினெட்டு நிமிடம் பேசினார். இருளைப் பற்றி, ஒளியைப் பற்றி, விமானத்தில் தனக்கு ஜன்னல் ஓர இருக்கை கிடைத்த அற்புதத்தைப் பற்றி. டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே மூச்சில் மொழிபெயர்த்து முடித்தார். கூட்டம் தலையாட்டிவிட்டு ஒழுங்காக வரிசையில் நின்றது.

"என்னம்மா சொன்னீங்க, இவ்வளவு சின்னதா?" என்று லென்ஸ் பிரதர் மெல்லக் கேட்டார்.

"கண்ணாடி தர்றாங்க, தள்ளாதீங்கன்னு சொன்னேன்."

பாரம் ஐயாவின் கையில் ஆள் எண்ணுகிற சின்னக் கருவி ஒன்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறும். அதன் பெயர் 'தொட்ட உயிர்கள்'. பத்து நாளில் ஆயிரம் என்று அறிக்கையில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் அவர்கள் இடம் விட்டிருக்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசிப் பொட்டு. பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பவள் என்று டீச்சர் சொன்னார். "சாயங்காலம் பல்பைப் பாத்தா சுத்தி வானவில் மாதிரி வட்டம் தெரியுதாம். ஒரு பக்கப் புருவத்துக்கு மேல வலி இருக்காம். விட்டு விட்டு வருதாம்."

லென்ஸ் பிரதரின் கை நின்றது. கடைக்கு வாரம் ஒருமுறை வருகிற கண் டாக்டர் இந்த ஒரு விஷயத்தை அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: "வானவில்னு ஒருத்தர் சொன்னா கண்ணாடி விக்காதே. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுது. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. தீப்பிடிச்ச வீட்டுக்குப் பெயின்ட் அடிக்காதே."

அவர் எழுந்தார். "ஐயா, இவங்களுக்குக் கண்ணாடி கூடாது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

பாரம் ஐயா வரிசையைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். "பிரதர், பின்னால நூத்தியிருபது உயிர் நிக்குது. நீங்க ஒண்ணுலயே நிக்கிறீங்க. ஒண்ணக் குடுத்து அனுப்புங்க."

"முகம் நல்லா இருக்கு. சிவப்பு குடுங்க" என்றாள் படம் எடுக்கும் சிஸ்டர்.

வரிசையில் ஒரு கிழவர் இருமினார். யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். லென்ஸ் பிரதர் உட்கார்ந்தார். ஒரு சிவப்புக் கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு டீச்சரிடம், "ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க" என்றார்.

"எப்போன்னு கேக்குறாங்க."

இன்றைக்கே என்றுதான் அவர் வாயில் வந்தது. சொன்னால் அவள் எப்படி, யாரோடு, எதில் என்று கேட்பாள், பாரம் ஐயா திரும்பிப் பார்ப்பார், வரிசை நிற்கும்.

"முடிஞ்சப்போ" என்றார்.

டீச்சர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். பாரம் ஐயா மூன்று முறை அழுத்தினார். கண்ணாடிக்கு ஒன்று, கையைத் தொட்டதற்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று.

*

அன்றைய படங்களிலேயே அந்தப் படம்தான் பிரமாதமாக வந்திருந்தது. அதனால் புதன்கிழமை மத்தியானம், நாடகத்துக்கு முன்னால், 'பார்வை பெற்ற இல்லம்' என்று அவள் வீட்டுக்கே குழுவோடு போவதென்று முடிவாயிற்று. அங்கிருந்து நேராக நாடக மேடை. ஆகவே எல்லோரும் வேஷத்தோடுதான் போனார்கள். ராஜா, மந்திரிகள், இரண்டு தேவதூதர்கள், கழுத்துவரை மஞ்சள் உடுப்பும் வாலும் மாட்டிக்கொண்டு, தலையைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு சிங்கம்.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மிஷின். தரையில் நீலத் துணி வெட்டி அடுக்கியிருந்தது. தைத்த கைகள் ஒரு கட்டாகவும் தைக்காதவை ஒரு கட்டாகவும் கிடந்தன. ஜன்னலைப் போர்வையால் மூடியிருந்தார்கள். கட்டிலில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி. நாத்தனார் நனைத்த துணியை அவள் நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த ராஜாவையும் தேவதூதர்களையும் அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். வாளியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

"காலைலேர்ந்து வாந்தி. தலையே வெடிக்கிற மாதிரி வலியாம்" என்றார் டீச்சர்.

"ரெண்டே நிமிஷம்" என்றாள் படம் எடுக்கும் சிஸ்டர். "கண்ணாடியப் போட்டுக்கிட்டு மிஷின்ல உக்காந்தாப் போதும். தைக்கக்கூட வேண்டாம்."

லென்ஸ் பிரதர் சிங்கத்தின் தலையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே போனார். துணியை விலக்கிப் பார்த்தார். கண் ரத்தமாய்ச் சிவந்து, கருவிழி ஆவி படிந்த கண்ணாடி போல் மங்கியிருந்தது. இமையை மூடச் சொல்லி மேலே விரலை வைத்தார். கோலிக்குண்டு மாதிரி கல்லாக இருந்தது. அடுத்த கண்ணையும் தொட்டார். அது இன்னும் கண்ணாகத்தான் இருந்தது.

"ஐயா, வண்டி வேணும். இப்பவே."

பாரம் ஐயா அவரைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோபமே இல்லை, பிரியமாகத்தான் பேசினார்.

"பிரதர், உங்க பாரம் எனக்குப் புரியுது. ஆனா ஊழியத்துக்கு ஒரு எல்லை இருக்கு. நம்ம ஊழியம் கண்ணாடி. ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு வேற குழு அடுத்த மாசம் வருது. அவங்க வயல்ல நாம அறுக்கலாமா? ரெண்டாவது, மூணு மணிக்கு முந்நூறு பிள்ளைங்க காத்திருக்கு. இந்த ஒரு கண்ணை நாம பாத்துக்கிட்டு நின்னா, அறுநூறு கண்ணு நம்மளப் பாக்காமப் போயிடும். மூணாவது, இதக் கவனமாக் கேளுங்க. வண்டியில ஏத்தினா இவங்க நம்ம பொறுப்பு. ஜெபிச்சா ஆண்டவர் பொறுப்பு. யார் பெரியவங்க? நாமளா, ஆண்டவரா?"

"ஆண்டவர்தான் ஐயா. ஆனா வண்டி நம்மகிட்டதான் இருக்கு."

பாரம் ஐயா அவர் தோளில் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். பிறகு உள்ளே போய் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்தார். அந்தச் சின்ன அறையில் பதின்மூன்று பேர் அவள் மேல் கை வைத்தார்கள். எட்டாத தேவதூதர் ஒருவர் முன்னால் நின்ற ராஜாவின் முதுகில் கை வைத்தார். ஜெபத்தின் நடுவே அவள் எக்கி எழுந்து வாளியில் வாந்தி எடுத்தாள்.

"விடுதலை ஆரம்பிச்சிடுச்சு!" என்றார் பாரம் ஐயா. "ஸ்தோத்திரம்! சிஸ்டர், எடுத்தீங்களா?"

லென்ஸ் பிரதர் வாழ்க்கையில் யாரையும் தள்ளியவர் அல்ல. கடையில் முதலாளி மிதித்துக்கொண்டு போனாலும் தன் காலைத்தான் நகர்த்திக்கொள்வார். அன்று ராஜாவைத் தள்ளினார், ஒரு மந்திரியைத் தள்ளினார், அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுப்பினார். இன்னொரு பக்கம் நாத்தனார் பிடித்தாள். டீச்சர் முன்னால் ஓடிப் படியில் வழிவிடச் சொன்னார்.

"பிரதர், சிங்கம் இல்லாம எப்படி?" என்று மேலிருந்து பாரம் ஐயாவின் குரல் கேட்டது.

*

குழுவின் வண்டி நாடகத்துக்கென்று நின்றுவிட்டது; பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். கண்டக்டர் முதலில் சிங்கத்தை ஏற்ற மாட்டேன் என்றார். டீச்சர் அவரிடம் என்ன சொன்னாரோ, எழுந்து தன் இருக்கையையே கொடுத்தார். ஒவ்வொரு குலுக்கலிலும் அவள் பல்லைக் கடித்தாள். முனகல் மட்டும் வந்தது. லென்ஸ் பிரதர் வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். ஜெபிக்கத்தான் நினைத்தார். 'முடிஞ்சப்போ' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

கண் டாக்டர் அம்மா வயதானவர். வேஷத்தைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை, கண்ணைத்தான் பார்த்தார். ஊசி போட்டார்கள், சொட்டு மருந்து விட்டார்கள், உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ரொம்ப நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். டீச்சர் அவர் சொன்னதைத் துளிக்கூடச் சுருக்காமல் சொன்னார்.

"இந்தக் கண்ணு போனது போனதுதான். அடுத்த கண்ணும் இதே வழியிலதான் போயிருக்கும். லேசர் வச்சு அதக் காப்பாத்தியாச்சு. வானவில் தெரியுதுன்னு சொன்ன அன்னைக்கே வந்திருந்தா ரெண்டுமே இருந்திருக்கும். யார்கிட்டயும் சொல்லலையான்னு கேட்டேன். சொன்னேன்னு சொல்றாங்க. யாரு அந்த ஆளு?"

"நான்தான்" என்றார் சிங்கம்.

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து லென்ஸ் பிரதர் நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் அவளைப் பார்க்க விட்டார்கள். ஒரு கண்ணில் கட்டு. வலி அடங்கியிருந்தது. லென்ஸ் பிரதர் கட்டிலருகே நின்று, "என்னை மன்னிச்சிடுங்க" என்றார். டீச்சர் சொன்னார். அவள் எதற்கு என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியவில்லை.

"நீங்கதான் முடிஞ்சப்போ போகச் சொன்னீங்களே" என்றாள். "புதன்கிழமை யூனிபார்ம் குடுத்தாகணும். வியாழக்கிழமை போலாம்னு வச்சிருந்தேன். நான்தான் ஒரு நாள் பொறுக்க முடியாமப் படுத்துட்டேன்."

*

நாடகம் சிங்கம் இல்லாமலே நடந்தது. கெபி காலியாகக் கிடந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் கலாட்டா செய்யவே, பாரம் ஐயா மேடையேறி, ஆண்டவர் இந்த முறை சிங்கத்தின் வாயை மட்டும் கட்டவில்லை, சிங்கத்தையே அப்புறப்படுத்திவிட்டார் என்று அறிவித்தார். பிள்ளைகள் சிங்கத்தின் வசனத்தைத் தாங்களே சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் 'இருதயப் பகிர்வு' என்றொரு கூட்டம் போட்டார்கள். வட்டமாக உட்கார்ந்து, லென்ஸ் பிரதரின் கீழ்ப்படியாமையால் தங்கள் இருதயம் எப்படிக் காயப்பட்டது என்று பதின்மூன்று பேரும் பகிர்ந்துகொண்டார்கள். ராஜாவாக நடித்தவர் முழங்கையையும் காட்டினார். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்கு வட்டத்தில் நேரமில்லை.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை. அகலத் திரையில் படங்கள் ஓடின. ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் சாட்சி சொன்னார்கள். லென்ஸ் பிரதரைக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கூப்பிட்டார்கள். கையில் ஒரு சீட்டும் கொடுத்தார்கள். சீட்டைப் படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மைக்கின் முன்னால் நின்றார்.

"ஒரு தையக்காரம்மா எங்கிட்ட வந்தாங்க. அவங்களுக்கு ஆஸ்பத்திரிதான் வேணும்னு எனக்குத் தெரியும். வரிசை நகரணும்னு கண்ணாடி குடுத்துட்டேன். அவங்களுக்கு ஒரு கண்ணு போயிடுச்சு. ஆண்டவர் எடுக்கல. சாத்தானும் எடுக்கல. நாங்க எடுத்தோம். நான் எடுத்தேன். வேற சாட்சி எங்கிட்ட இல்ல."

மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. ஒரு கணம், இனி ஏதோ நடக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

பாரம் ஐயா மெல்ல வந்து மைக்கை வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது, மூக்கு சிந்தவில்லை.

"பாத்தீங்களா? எவ்வளவு தாழ்மை! ஒரு கண்ணு போச்சுன்னு பிரதர் அழறார். இன்னொரு கண்ணு காப்பாத்தப்பட்டிருக்கே, அதச் செஞ்சது யாரு? நம்ம குழு! நம்ம பிரதர்! நாம போகாம இருந்திருந்தா ரெண்டு கண்ணும் போயிருக்கும் ஜனமே! இந்த நிமிஷம் எனக்கு ஒரு பாரம். அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி ஊழியமும் நாமளே செய்றோம். அதுக்குத் தலைவர், நம்ம லென்ஸ் பிரதர்! கர்த்தருக்கு ஒரு பெரிய கரகோஷம்!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். யாரோ வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். அவர் "இல்ல, நான் சொன்னது அது இல்ல" என்றார். மைக் அதற்குள் பாடகர் குழுவிடம் போய்விட்டது.

ஒரே ஒருத்தி தட்டவில்லை. ஐந்தாவது வரிசையில் அவர் மனைவி கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து, முழங்கால்களைத் தாண்டித் தாண்டி நடைபாதைக்கு வந்து, மேடைக்கே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

வெளியே நல்ல வெயில். இருவரும் இரண்டு தெரு தாண்டி நடந்தார்கள். கதவடைத்த மருந்துக்கடையின் நிழலில் அவள் நின்றாள்.

"எந்தக் கண்ணு?" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அந்த ஊரிலிருந்து வந்த பிறகு ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

"வலது."

அவள் இடது கையை உயர்த்தி, இல்லாத ஊசியொன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வலது கண்ணை மூடிக்கொண்டாள். வலது கையால் நூலைக் கொண்டுபோனாள். விரல் ஊசியைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. திரும்பக் கொண்டுவந்தாள். திரும்பவும் தாண்டிப் போயிற்று. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு முறை கோத்துப் பார்த்தாள்.